விரலுக்கு விலை, வீட்டுக்கு விலை

போன பதிவில் அகஸ்தியா தியேட்டர் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னோடு வேலை பார்த்த நண்பர் போன் செய்தார். பேச்சு தியேட்டரில் ஆரம்பித்து அவருடைய இடது கையில் வந்து நின்றது. 1978ல் பிரஸ் ஷாப்பில் அவருக்குச் சுட்டுவிரல் போனது. "என் விரலுக்கு 14 மார்க் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெடிக்கல் போர்டுக்கு அவரை அழைத்துக்கொண்டு போனவனே நான்தான்.

அது மார்க் இல்லை, சதவீதம். 1923ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது, 1924 ஜூலை 1 முதல் அமலானது. அதன் பின்னிணைப்பில் உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதைப் பின்னால் திருத்தினார்கள். திருத்திய பட்டியல்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு, சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கையும் போனால் 100. இதே பட்டியல் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தது. படிக்கும்போது கசாப்புக் கடை விலைப்பலகை மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு நியாயமும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனும் தன் விரலுக்கு என்ன கணக்கு என்று தானே பார்த்துக்கொள்ளலாம். குறைத்துப் போட்டால் யாரிடம் முறையிடுவது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

என் வீட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. அதை 2015ல்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் இ.எஸ்.ஐ. பற்றிக் கொஞ்சம். 1948ல் சட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம். சுதந்திர இந்தியாவில் தொழிலாளிக்குக் கிடைத்த முதல் பெரிய மருத்துவக் காப்பீடு இதுதான். மருந்துக்குக் காத்துக்கிடந்ததைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சில்லை, ஆனாலும் குடும்பம் முழுக்க அந்த அட்டையில்தான் வளர்ந்தது. இதில் ஒரு சிக்கல், சம்பள உச்சவரம்பு. 1997ல் அது 6,500 ரூபாய் ஆனது. சில வருடங்களில் ஒப்பந்தம் போட்டு எங்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. கேட் மீட்டிங்கில் பட்டாசு வெடித்தோம். என் சம்பளம் உச்சவரம்பைத் தாண்டியது, இ.எஸ்.ஐ. போனது. இப்போது உச்சவரம்பு 21,000. அன்று அது கொஞ்சம் மேலே இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

2008ல் ஓய்வு பெற்றேன். 2012ல், 62 வயதில், எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்தேன். அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ஏஜென்ட் தம்பியிடம் அதைச் சொன்னேன். "அதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறும் சார், நான் பாத்துக்கறேன், நீங்க இங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். போட்டேன். முப்பத்தைந்து வருடம் ஸ்டோர்ஸில் ரசீது சரிபார்த்த ஆள் நான்; என் சொந்தப் படிவத்தைப் படிக்கவில்லை. இதைக் கம்பெனி மேல் முழுக்கப் போட எனக்கு மனசு வரவில்லை.

2015ல் அவளுக்கு இதய ஆபரேஷன். பில் 3,40,000. மூன்றாம் நாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம்: ஏற்கெனவே இருந்த நோயை மறைத்ததால் பணம் தர இயலாது. இருந்த நகை போனது. மீதிக்கு வீட்டை அடமானம் வைக்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனேன்.

தண்டையார்பேட்டையில் அப்பா வாங்கிய அரை கிரவுண்டு. தாய்ப்பத்திரம், வில்லங்க சான்று எல்லாம் சுத்தம். தெருவில் தரகர் ஒருவர் 45 லட்சம் போகும் என்றார். பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்புப்படி கணக்குப் போட்டால் மனைக்கு மட்டும் 36 லட்சம். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். வாசலில் நின்று இரண்டு போட்டோ, பத்து நிமிடம். மாடிக்கு ஏறவில்லை. "மேலயும் ஒரு ரூம் இருக்கு, பாருங்க சார்" என்றதற்கு, "வேண்டாங்க, தெரியுது" என்றார். அவர் எழுதிக்கொடுத்தது 27 லட்சம். காரணமாகப் போட்டிருந்தது, "தொழிற்சாலைப் பகுதி, நிலத்தடி நீர் பாதிப்பு."

2013ல் எங்கள் பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தெருக்களில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது உண்மை. பூமிக்கடியில் போகும் எரிபொருள் குழாயில் கசிவு. குடத்தில் பிடித்தால் பெட்ரோல் வாடை அடித்தது. அந்தத் தெருக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் என் வீட்டுத் தண்ணீர் நன்றாக இருந்தது. அவர் ஒரு டம்ளர் கேட்டிருந்தால் நானே மொண்டு கொடுத்திருப்பேன்.

மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டியது நான், அறிக்கை போனது வங்கிக்கு. பிரதி கேட்டதற்குக் காட்டினார்கள், கையில் தரவில்லை. யாரிடம் முறையிடுவது என்று மேனேஜரைக் கேட்டேன். "அவர் தனி ஆள் சார், எங்க ஸ்டாஃப் இல்ல" என்றார். அவ்வளவுதான்.

காப்பீட்டு விஷயத்தில் அப்படி இல்லை. தேனாம்பேட்டையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 1998ல் போட்ட விதிகளின்படி வந்த அமைப்பு. வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. மனு எழுதிப் போட்டேன். எட்டு மாதம் கழித்து இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். படிவத்தில் என் கையெழுத்து இருந்ததால் முழுத்தொகை கேட்க வழியில்லை. கருணைத் தொகையாக 1,25,000 தரச் சொன்னார்கள், கம்பெனியும் கொடுத்தது. தோற்றேனா ஜெயித்தேனா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து என் கதையைக் கேட்டார்கள்.

ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதிருந்து தேடித்தேடிப் படித்து வருகிறேன். அதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. ஆஸ்பத்திரி மாநிலப் பட்டியலில். காப்பீடு மத்தியப் பட்டியலில், 47வது இனம். அதனால் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் நம் எம்.எல்.ஏ. ஆஸ்பத்திரிக்குச் சட்டம் போடலாம், காப்பீட்டுக் கம்பெனிக்குப் போட முடியாது. அமெரிக்காவில் நேர் எதிர். 1945லேயே காப்பீட்டைக் கட்டுப்படுத்தும் வேலையை மாநிலங்களுக்கே விட்டுவிட்டார்கள். வீட்டு மதிப்பீட்டாளர் விஷயமும் அப்படித்தான். 1980களில் அங்கே வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. இல்லாத மதிப்பை இருப்பதாக எழுதிக்கொடுத்த மதிப்பீடுகளும் ஒரு காரணம் என்று தெரிந்தது. 1989ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு மாநிலமும் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கவேண்டும் என்றார்கள். ஒரே சட்டசபைக் கூட்டத்தில் ஒருவர் இரண்டு மசோதாவையும் கொண்டுவரலாம். நம் ஊரில் கொண்டுவந்தால் சபாநாயகர் சிரிப்பார்.

நம் காப்பீட்டுக் கதை மெதுவாக நகர்ந்த கதை. 1938ல் சட்டம். 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு அரசுடைமை. 107 கம்பெனிகளை நான்காக ஆக்கினார்கள், அதில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில். 1986ல் மெடிக்ளைம் வந்தது. 1993ல் மல்ஹோத்ரா கமிட்டி, 1999ல் ஐ.ஆர்.டி.ஏ. சட்டம், பிறகு தனியார். 2001ல் உச்சநீதிமன்றம் பீமன் கிருஷ்ண போஸ் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. கம்பெனி மேல் வழக்குப் போட்டவர் என்பதற்காக அவருடைய பாலிசியைப் புதுப்பிக்க மறுத்திருந்தார்கள். அப்படி மனம்போனபடி மறுக்க முடியாது என்றது கோர்ட். 2024ல் வந்த விதிகள் இன்னும் மேல்: ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 4 வருடம் என்றிருந்தது 3 ஆனது; 5 வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தாய் என்று சொல்லித் தள்ள முடியாது. 2025 ஜனவரியில் மூத்த குடிமக்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதென்றால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போனது. (1914ல் எம்டன் வந்து நம் துறைமுகத்து எண்ணெய் டாங்கிகளைச் சுட்டதும் செப்டம்பர் 22தான். சும்மா சொல்லிவைத்தேன்.)

வீட்டு விலைக் கதையில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. பத்திரத்தில் குறைத்து எழுதி முத்திரைத்தாள் கட்டணத்தை ஏய்ப்பது பழைய வழக்கம். 1967ல் மெட்ராஸ் சட்டசபை இந்திய முத்திரைச் சட்டத்தைத் திருத்தி 47ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மதிப்பு குறைவு என்று தோன்றினால் பதிவாளர் கலெக்டருக்கு அனுப்பலாம். இதிலிருந்து வளர்ந்ததுதான் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு. இந்த மதிப்பு எப்படி ஏறி இறங்குகிறது பாருங்கள். 2012ல் ஒரே தூக்காகத் தூக்கினார்கள். 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். என் வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. வழிகாட்டி மதிப்பு சந்தை மதிப்பு ஆகாது, பதிவு அதிகாரிக்கு ஒரு குறிப்பு மட்டுமே என்று உச்சநீதிமன்றம் 2003ல் டான்சி நில வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சரி, சந்தை மதிப்பைச் சொல்லும் மனிதருக்கு என்ன சட்டம்? செல்வ வரிக்காக 1972ல் ஒரு திருத்தம் வந்து பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்று ஒரு இனம் உண்டானது. அந்த வரியே 2016-17 முதல் இல்லை. 2013 கம்பெனிச் சட்டத்தில் 247வது பிரிவு, 2017ல் அதற்கு விதிகள்; பரீட்சை, பதிவு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது கம்பெனிச் சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் வேண்டிய மதிப்பீடுகளுக்கு. எல்லா மதிப்பீட்டாளருக்கும் பொதுவாக 2020ல் ஒரு மசோதா வரைந்தார்கள், நான் இதை எழுதும்வரை சட்டமாகவில்லை. திவாலான கம்பெனியின் ஷெட்டை மதிப்பிடுபவருக்கு மேலே ஆள் இருக்கிறது. என் வாசலில் பத்து நிமிடம் நின்றவரை வங்கி தன் பட்டியலில் வைத்திருந்தது, அதுதான் அவருக்குச் சட்டம். கப்பலில் வந்த சரக்கு நனைந்தால் அதன் நஷ்டத்தைக் கணக்குப் போட உரிமம் வாங்கிய சர்வேயர் வேண்டும் என்று 1968லேயே காப்பீட்டுச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். துறைமுகத்து மூட்டைக்கு இருந்த மரியாதை.

கடைசியில் வங்கி தருவதாகச் சொன்ன தொகை போதவில்லை. மச்சான்தான் கைமாற்றாகக் கொடுத்தார், மூன்று வருடத்தில் அடைத்தேன். வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள். இப்போது மெட்ரோ ஓடுகிறது, தரகர்கள் வாரம் ஒருவர் கதவைத் தட்டுகிறார்கள், ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள்.

வருகிற 28ஆம் தேதி பாலிசி புதுப்பிக்க வேண்டும். வேறு கம்பெனி, புதுப் படிவம். இந்த முறை பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகப் படிக்கச் சொன்னேன். "தாத்தா, சர்க்கரை நோய் உண்டா, இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டாள். "உண்டு"ன்னு சமையலறையிலிருந்து பதில் வந்தது.