கொட்டியாரக் குடாவும் செய்தியின் வடிவமும்: எச்சரிக்கைச் செய்திகளின் ஸ்கீமாச் சோதனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

செய்தியொன்று ஏற்கப்படுவதற்கு அதன் உண்மை மாத்திரம் போதுமானதன்று; ஏற்போர் எதிர்பார்க்கும் வடிவத்தில் அது அமைந்திருத்தலும் வேண்டும். தோப்பூரை அண்டிய கொட்டியாரக் குடாவின் வரலாறே இதற்குச் சான்று பகரும். புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1659ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இக்குடாவை அடைந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு முறைப்படி திருமுகமும் கையுறையும் அனுப்பப்படாமையே அவனது சினத்துக்குக் காரணமாயிற்று என்பர். 1660இற் கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் சிறைப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இலேயே தப்பிச் சென்றார்.

இக்குடாவின் கரைக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வரவேண்டியிருந்த செய்தியோ வரவேயில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களில், ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதலாவது அறிக்கையை வெளியிட்டது. பசுபிக் சமுத்திரத்துக்கு ஆபத்தில்லை என்பதே அதன் சாரம். அறிக்கை தனக்குரிய வடிவத்திற் சரியாகவே அமைந்திருந்தது. ஆனால் இந்து சமுத்திரக் கரைவாழ் மக்கள் அவ்வடிவத்தில் இடம்பெறவில்லை. கிழக்கிலங்கையை அலைகள் அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தும், இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தியின் வடிவத்தை யார், யாருக்காக வரையறுக்கின்றனர் என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்புகின்றது. அவ்வினாவைக் கணினி யுகத்தில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில் உலகளாவிய வலைச் சங்கத்தினால் விதந்துரைக்கப்பட்டது. அதில் எழுதப்படும் செய்தி இருவகைச் சோதனைக்கு உட்படும். திறந்த குறி ஒவ்வொன்றும் மூடப்பட்டுள்ளதா, ஒன்றனுள் ஒன்று முறையாக அடங்கியுள்ளதா என்று பார்ப்பது முதலாவது. எந்தெந்த உறுப்பு கட்டாயம், எது விருப்புக்குரியது, எது எவ்வொழுங்கில் எத்தகைய பெறுமானத்துடன் வரலாம் என்று வகுத்த ஸ்கீமாவுடன் செய்தியை ஒப்பிடுவது இரண்டாவது. இதற்குரிய ஸ்கீமா மொழி 2001ஆம் ஆண்டு மே மாதம் விதந்துரை ஆயிற்று. மனிதன் மனிதனுக்கு எழுதும் கடிதத்திற் குறையிருப்பின் கேட்டறியலாம். இணையச் சேவையில் இயந்திரம் இயந்திரத்துக்கு அனுப்பும் செய்தியில் அது இயலாது. ஆகவே, குறையுள்ள செய்தியை வாயிலிலேயே மறித்து, பிழையறிவித்தலுடன் திருப்பியனுப்புதல் இன்றியமையாததாகின்றது.

இத்துறையில் இலங்கையரின் பங்கு சிறிதன்று. இணையச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 1.1 என்னும் 2001ஆம் ஆண்டு ஆவணத்தின் ஆசிரியர் நால்வருள் சஞ்சீவ வீரவரண ஒருவர். இலங்கைப் பொறியியலாளர் பெரும்பங்கேற்ற அப்பாச்சி ஆக்சிஸ் 2 மென்பொருளின் முதலாம் பதிப்பு 2006இல் வெளிவந்தது. விரைவின் பொருட்டு, செய்தியைத் தேவையான அளவுக்கே படிப்படியாக வாசிக்கும் முறை அதிற் கையாளப்பட்டது. முழுமையான ஸ்கீமாச் சோதனையைச் சேவையை அமைப்போரே தனியாக ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். விரைவுக்கும் கண்டிப்புக்கும் இடையிலான இம்முரண் தொழினுட்ப முரண் மாத்திரமன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

எச்சரிக்கைகளுக்கான பொது வடிவம் கெப் எனப்படுவது. இதன் முதற் பதிப்பு 2004ஆம் ஆண்டு, அதாவது ஆழிப்பேரலைக்குச் சில மாதங்களுக்கு முன்னரே, ஒயாசிஸ் அமைப்பினால் ஏற்கப்பட்டது. பேரழிவின் பின் லேர்ண்ஏசியாவும் சர்வோதயமும் இணைந்து 32 கிராமங்களில் நடாத்திய எச்சரிக்கைப் பரிசோதனையில் இவ்வடிவமே பயன்படுத்தப்பட்டது. ஒரே செய்தியுள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளுக்கும் தனித்தனித் தகவற்பகுதிகளை அமைக்க இது இடந்தருகின்றது.

ஆயினும் அதன் ஸ்கீமாவை நுணுகி நோக்குவோர்க்குச் சில உண்மைகள் தெளிவாகும். செய்தியின் அடையாள எண், அனுப்புநர், அனுப்பிய நேரம் ஆகியன கட்டாயமானவை. தகவற்பகுதியில் நிகழ்வு, அவசரம், கடுமை, உறுதிப்பாடு ஆகியனவும் அவ்வாறே. ஆனால் மக்கள் செய்யவேண்டியது யாது என்னும் அறிவுறுத்தற்பகுதி விருப்புக்குரியது. மொழியும் விருப்புக்குரியதே, அது குறிக்கப்படாதவிடத்து அமெரிக்க ஆங்கிலமே கொள்ளப்படும் என்பது விதி. தமிழுக்குரிய குறியீட்டை இட்டு உள்ளே வேறு மொழியில் எழுதினும் சோதனையிற் செய்தி தேறிவிடும். 'தோப்பூர்' என்ற ஊர்ப்பெயர் பிழைபட எழுதப்படினும் தேறிவிடும், இடவிவரிப்பு வெறும் எழுத்துச்சரமாகவே கொள்ளப்படுவதால்.

நேரமும் இவ்வாறே. இலங்கையின் நேரம் 2004இல் உலகப் பொதுநேரத்தினும் ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது. 2006 ஏப்ரலில் அது ஐந்தரை மணித்தியாலமாக மாற்றப்பட்டது. பழைய வேறுபாட்டையே இட்டு அனுப்பும் இயந்திரத்தின் செய்தி வடிவத்திற் குற்றமற்றதாயினும், பொருளில் அரைமணி பிழைத்ததாகும். இரண்டு மணி நேரமே அவகாசமுள்ள கரையில் அரைமணி என்பது யாதென்று விளக்கவேண்டியதில்லை.

எனவே ஸ்கீமாச் சோதனை பயனற்றது என்று நாம் கூறவரவில்லை. வடிவங்குலைந்த செய்தி பரவாது தடுப்பதில் அது பெருந்துணையாகும். ஆனால் எது கட்டாயம், எது விருப்பு என்ற பிரிப்பு இயற்கையின் நியதியன்று; அது மனிதர் செய்த தீர்மானம். 1956இல் ஒரு மொழியே ஆட்சிமொழியாக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் மூலமே தமிழும் ஆட்சிமொழியான நாட்டில், 'விருப்புக்குரியது' என்னும் சொல்லின் கனத்தை நாம் நன்கறிவோம்.

தீர்வும் தொழினுட்பத்திலேயே உண்டு. கெப் வடிவத்தை மீறாது அதன்மேற் கூடுதல் நிபந்தனைகளை விதிக்கும் தேசிய விதித்தொகுதிகளை நாடுகள் வகுத்துக்கொள்ளலாம். கனடா அவ்வாறு செய்துள்ளது. சிங்களப் பகுதி இருப்பின் தமிழ்ப் பகுதியும் அறிவுறுத்தலுடன் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை 2001ஆம் ஆண்டு ஸ்கீமா மொழியில் எழுதுதல் இயலாது. 2006இற் சர்வதேச நியமமான ஸ்கீமாற்றோனிலும், 2012ஆம் ஆண்டின் ஸ்கீமா 1.1இலும் அது சில வரிகளில் இயலும். இயந்திரத்துக்கு அது கடினமன்று. எழுதவேண்டும் என்ற முடிவே தேவை. நொக்சின் காலத்திற் செய்தியின் வடிவத்தை அரசன் தீர்மானித்தான். இன்று அதைத் தீர்மானிக்கும் குழுக்களின் மேசையிற் கொட்டியாரக் குடாவின் கரைவாழ் மக்களுக்கும் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும்.