1000 யார் தூரத்து இலக்கும் துவக்குத் தொலைகாட்டியும்

1000 யார் என்பது அரை மைலுக்குச் சற்று அதிகமான தூரம். அத்தூரத்தில் நிறுத்தப்பட்ட இலக்கின் கறுப்பு வட்டத்தைக் குறைபாடற்ற கண்ணுடையவர் காண்கிறார். அதனுள் வரையப்பட்ட சிறு வட்டங்களை அவர் காண்பதில்லை. மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு. 1000 யாரில் அக்கோணம் பத்தரை அங்குல அகலத்தை அடக்கிக்கொள்கிறது. அதனினும் நுண்ணியவை யாவும் கண்ணுக்கு ஒன்றாய்க் கலந்துவிடும். நல்ல துவக்கோ அரைக் கலைக்குள்ளே சன்னங்களைச் சேர்க்க வல்லது. கருவி கண்ணை முந்திவிட்டது என்க. இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே துவக்கின் மேற் பூட்டப்படும் தொலைகாட்டி. சுடுவோர் இதனை ‘ஸ்கோப்’ என்பர்.

தொலைகாட்டியின் வரலாறு 1608 ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்தின் மிடில்பேர்க் நகரில் தொடங்குகிறது. மூக்குக்கண்ணாடி செய்யும் ஹான்ஸ் லிப்பர்ஹே என்பவர் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். துவக்கு அதற்கு முன்பே இருந்தது. சுடுகுழலின் உட்புறத்தில் சுருட்புரி வெட்டும் வித்தையும் இருந்தது. அப்படியிருந்தும் இவ்விரண்டும் நன்கு ஒன்று சேர்வதற்கு இரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. முதற் காரணம் ஒளியியலைப் பற்றியது. கலிலியோ கையாண்ட வகைத் தொலைகாட்டியிற் குழாயினுள்ளே மெய் விம்பம் தோன்றுவதில்லை. ஆகவே குறிகாட்டும் இழையை வைப்பதற்கு அங்கே இடமில்லை. 1611 இல் கெப்லர் விளக்கிய அமைப்பிலேதான் மெய் விம்பம் விழும் தளம் ஒன்று குழாயினுள் கிடைத்தது. அத்தளத்தின் பயனைக் கண்டவர் இங்கிலாந்தின் யோர்க்சயரைச் சேர்ந்த வில்லியம் கஸ்கோயின் என்னும் இளைஞர். 1640 ஆம் ஆண்டளவில், அவருடைய கருவிக்குள் தற்செயலாய் அமைந்த சிலந்தி இழையொன்று தூரத்துப் பொருளோடு ஒருங்கே தெளிவாய்த் தோன்றியது. வானத்தை அளப்பதற்கு அவர் அதனைப் பயன்படுத்தினார். உள்நாட்டுப் போரில், 1644 இல், மாஸ்டன் மூர் களத்தில் இளவயதிலேயே மாண்டார். இன்றைய துவக்குத் தொலைகாட்டியிற் காணும் குறுக்கிழைகள் அந்தச் சிலந்தியின் வழிவந்தவை.

இரண்டாவது காரணம் துவக்கின் குறைபாடே. நூறு யாருக்கு அப்பால் எங்கே போகும் எனத் துணிந்து கூறமுடியாத சன்னத்துக்குத் தொலைகாட்டி எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில், யூற்றிக்கா நகரத்துத் துவக்குக் கம்மியர் மோகன் ஜேம்ஸ் என்பவரும், துவக்கு நூலொன்றை வெளியிட்ட ஜோன் சப்மன் என்பவரும் சேர்ந்து, சுடுகுழலின் நீளத்தோடு ஒத்த நீண்ட மெல்லிய குழாய்த் தொலைகாட்டியை அமைத்தனர். 1855 இல் அதே மாநிலத்துச் சிறக்கியூசைச் சேர்ந்த வில்லியம் மல்கம், நிறங்கள் சிதறாத கூட்டுவில்லைகளைப் பொருத்தி அதனைத் திருத்தினார். பிரித்தானியத் தளபதி டேவிட்சன் என்பவர் அமைத்த தொலைகாட்டி, விட்வேர்த்து துவக்கின் பக்கவாட்டிற் பூட்டப்பட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இடம்பெற்றது.

எனினும் போட்டிக் களங்களில் நெடுங்காலம் கண்ணுக்கே முதன்மை. 1860 இல் விம்பிள்டன் மைதானத்தில் விக்டோறியா மகாராணியார், தாங்கியில் இறுக்கப்பட்ட விட்வேர்த்து துவக்கின் விசையைப் பட்டுக் கயிற்றால் இழுத்து முதல் வெடியைத் தீர்த்தார். 400 யாரில் அச்சன்னம் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் தைத்தது. தாங்கியிலிருந்த துவக்குக்குக் கண் தேவைப்படவில்லை. 1874 இல் நியூ யோர்க்கை அடுத்த கிறீட்மூரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் 800, 900, 1000 யார்களிற் பொருதபோது இரு சாராரும் துளைக்குறிகளையே கையாண்டனர், தொலைகாட்டி இல்லை. அமெரிக்கர் 934 புள்ளி, அயர்லாந்தினர் 931. அயர்லாந்து வீரர் ஒருவர் தம் இலக்கை விட்டு அயல் இலக்கின் நடுவே சுட்டுவிட்டார். நான்கு புள்ளிக்குரிய அச்சன்னத்துக்குக் கிடைத்தது பூச்சியம். தோல்வியோ மூன்று புள்ளியால். தொலைகாட்டி இருந்திருந்தால் இத்தவறு நேர்ந்திராது என்று கருதுவது இயல்பு. உண்மை வேறு. உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப்புலம் ஒடுங்கும்; இலக்கத்தகடு புலத்துக்கு வெளியே போய்விடும். அயல் இலக்கைச் சுடுதல் இன்றும் தொலைகாட்டிப் போட்டிகளில் நிகழ்வதே.

துளைக்குறிக்கு இளங்கண் வேண்டும். வயது ஏறியவருக்கு அருகிலுள்ள குறியும் தூரத்து இலக்கும் ஒருங்கே தெளிவதில்லை. பல்லாண்டு பயின்ற கையும் காற்றை வாசிக்கும் அறிவும் இருந்தும், கண் ஒன்றினால் களத்தை விட்டு நீங்கியோர் பலர். இவர்களை மனத்திற் கொண்டே கனடாவைச் சேர்ந்த ஜோர்ஜ் பார்குவார்சன் என்பவர், தொலைகாட்டியையும் முன் தாங்கியையும் அனுமதிக்கும் ஒரு பிரிவை முன்வைத்தார். அவர் பெயரின் முதலெழுத்தால் அது ‘எப்’ வகுப்பு எனப்பட்டது. முதியோருக்குச் சலுகையாய் எழுந்த இப்பிரிவு 1990 களிலிருந்து நாடுகள் பலவற்றிற் பரவி, இளைஞரையும் ஈர்த்துக்கொண்டது. இலக்கின் நடு வட்டம் இங்கே அரைக் கலையாகச் சுருக்கப்பட்டது. 1000 யாரில் ஏறத்தாழ ஐந்து அங்குலம். எத்தொலைகாட்டியைத் தெரிவது என்ற வினாவும் இதனோடு கூர்மையடைந்தது.

வாங்குவோர் பெரும்பாலும் முதலில் வினவுவது ‘எத்தனை மடங்கு?’ என்பதே. இவ்வினா தவறன்று, ஆனால் இரண்டாம் வரிசைக்குரியது. 56 மில்லிமீற்றர் விட்டமுள்ள முன்வில்லையை 40 மடங்கில் வைத்தால் கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் விட்டம் 1.4 மில்லிமீற்றர், 20 மடங்கில் 2.8. பகலில் மனிதக் கண்மணி ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் விரியும். எனவே 40 மடங்கிற் படம் மங்கும். தலையைச் சிறிது அசைத்தாலும் மறையும். அதற்கு மேலாக வெயில் ஏறியதும் நிலத்திலிருந்து கானல் எழுந்து இலக்கைக் கொதிநீரிற் போட்டது போலக் குலுக்கும். தேர்ந்தவர்கள் அவ்வேளை மடங்கைக் குறைத்துவிட்டு, கானல் சாயும் திசையைக் கண்டு காற்றை மதிப்பர்.

வில்லையின் தரத்தை அறிவது எளிதன்று. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒளியில் நூற்றுக்கு நான்கு கூறளவைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ஸ்மாக்குலா 1935 இற் கண்ட மென்படலப் பூச்சு இவ்விழப்பைப் பெரிதும் தடுத்தது. இன்று ஓரளவு விலையுள்ள கருவிகளிலும் இப்பூச்சு உண்டு. குழாய் பருத்தால் வெளிச்சம் கூடும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. 30 அல்லது 34 மில்லிமீற்றர்க் குழாயின் பயன், உள்ளே இழைநிலையை மாற்ற இடம் அதிகம் கிடைப்பதே.

அந்த மாற்றத்திலேதான் உண்மையான பரீட்சை உள்ளது. 308 வகைத் துவக்கை 100 யாருக்குச் சரிசெய்து பின் 1000 யாருக்குச் சுட, சன்னத்துக்கு ஏற்ப 30 முதல் 40 கலை வரை உயர்த்தவேண்டும். கலையின் காற்கூறு ஒவ்வொன்றுக்கும் திருகு ஒரு ‘கிளிக்’ ஒலி எழுப்பும்; 1000 யாரில் அஃது ஏறத்தாழ 2.6 அங்குலம். 100 யாரில் ஒரு கலை 1.047 அங்குலம். சில கருவிகள் கலை என்று பொறித்து, உள்ளே ஓர் அங்குலமே நகரும். அற்ப வேற்றுமை போலத் தோன்றும். 36 கலை உயர்த்தியவருக்கோ 1000 யாரில் 17 அங்குலம் குறைகிறது. ஐந்து அங்குல வட்டம் எங்கே, சன்னம் எங்கே! இதனினும் கொடியது, திருகைத் திருப்பினால் பழைய இடத்துக்கு மீளாத கருவி. முற்காலத்தில் பிற்ஸ்பேக் நகரத்து அன்ரில் போன்றோர் செய்த இலக்குத் தொலைகாட்டிகளில் முழுக் குழாயும் வெளித்தாங்கியிலுள்ள நுண்திருகுகளால் நகர்த்தப்பட்டது. இன்று குழாயினுள்ளேயுள்ள சிறு குழலைத் திருகு தள்ள, எதிர்ப்புறத்து வில் தாங்குகிறது. வில் தளர்ந்தாலும் திருகு தேய்ந்தாலும் வெளியே தெரிவதில்லை. பளிங்கு போன்ற படத்தைக் காட்டி, கிளிக்குகளில் ஏமாற்றும் கருவியை வாங்கியவர், தவறு தம் கையினதென்றும் காற்றினதென்றும் எண்ணி மாதக்கணக்கில் உழைப்பார்.

சோதனைக்கு அதிகம் வேண்டியதில்லை. தொலைகாட்டியை அசையாத பீடத்தில் இறுக்கி, துல்லியமாய் அளந்த 100 யாரில் அளவுகோல் வரைந்த உயரமான தாளொன்றை நிமிர்த்திவைக்க வேண்டும். 40 கலை உயர்த்தினால் இழை ஏறத்தாழ 41.9 அங்குலம் நகர வேண்டும். திருப்பினால் தொடங்கிய கோட்டிலேயே நிற்கவேண்டும். பலமுறை செய்து பார்க்கவேண்டும். அதே வேளையில் கண்ணை இடமும் வலமும் மெல்ல அசைக்க, இழை தாளின் மேல் ஊர்ந்தால், விம்பமும் இழையும் ஒரே தளத்தில் இல்லை என்பது தெளிவு. பக்கத்திருகால் அதனைத் தீர்க்க இயலாத கருவி நெடுந்தூரத்துக்கு உதவாது.

தூரம் முன்கூட்டியே தெரிந்த இலக்குப் போட்டியில், மடங்கைக் கூட்டும்போது தடிக்காத மெல்லிய இழை போதும். வேட்டைக்காரருக்கும் படையினருக்கும் வேண்டிய அளவுக் கோடுகள் இங்கே இலக்கை மறைக்கும். நிறையையும் கணக்கிடவேண்டும். ‘எப்’ வகுப்பின் திறந்த பிரிவில் துவக்கு தொலைகாட்டியோடு 10 கிலோகிராமுக்கும், மற்றப் பிரிவில் 8.25 கிலோகிராமுக்கும் மேற்படலாகாது. கையிலுள்ள பணம் முழுவதையும் வில்லைக்குக் கொடுத்துவிட்டு மலிந்த வளையங்களால் அதனைப் பூட்டுவோரும் உளர். வளையம் நழுவினால் 100 யாரிற் கண்ட அளவுகள் யாவும் மாறிவிடும். தாளை மீண்டும் நிமிர்த்தி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.