ஒரு நீதிபதியும் ஒரு சட்டக் கல்லூரியும்

ஹவாய் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது கடற்கரையும் எரிமலையும் பூமாலையும்தான். ஆனால் அந்தத் தீவுகளில் ஒரு காலத்தில் தனி அரசு இருந்தது, தனிச் சட்டமும் இருந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

ஹவாய் மொழியில் தண்ணீருக்கு 'வை' என்று பெயர். செல்வத்துக்கு 'வைவை'. சட்டத்துக்கு 'கானாவை'! மலையிலிருந்து இறங்கும் ஓடையை வாய்க்காலில் திருப்பிச் சேம்பு பயிரிட்ட மக்கள் அவர்கள். தண்ணீரைப் பங்கிடுவதிலிருந்தே சட்டம் என்ற சொல் பிறந்தது என்று விளக்கம் சொல்வார்கள்.

1848-ல் நிலம் தனியார் சொத்தாகப் பிரிக்கப்பட்டது. 1850-ல் வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்றானது. சாதாரண குடிமக்களுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1893-ல் ராணி லிலியுவோகலானி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1896-ல் பள்ளிகளில் பயிற்று மொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. 1959-ல் ஹவாய் அதன் 50-வது மாநிலம் ஆனது.

மாநிலம் ஆன பிறகும் அங்கே ஒரு சட்டக் கல்லூரி கிடையாது. வக்கீலாக விரும்புகிறவர் கடல் தாண்டிப் போய்த்தான் படிக்க வேண்டும். செலவு ஒரு பக்கம். அங்கே போய்ப் படித்தாலும் ஹவாயின் நிலம், நீர், வழக்கம் பற்றி யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

அப்படிக் கடல் தாண்டிப் போனவர்களில் ஒருவர் வில்லியம் ரிச்சர்ட்சன். 1919-ல் பிறந்தவர். ஹவாய், சீன, வெள்ளை இன வழிகள் மூன்றும் கலந்த குடும்பம். 1943-ல் ஒஹையோவின் சின்சினாட்டியில் சட்டம் படித்து முடித்தார். 1966-ல் ஹவாய் உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார்.

அவருடைய தீர்ப்புகளில் முக்கியமானது 1968-ல் வந்த ஆஷ்ஃபோர்ட் வழக்கு. கடலோர நிலத்துக்கு எல்லை எது என்பது கேள்வி. நில அளவையாளர்களின் கணக்கு ஒன்று சொன்னது. அலை ஏறி நிற்கும் இடத்துச் செடிகளும் ஒதுங்கிய குப்பைகளுமே எல்லை என்று நெடுநாளாய் அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னார்கள். நீதிமன்றம் ஊர்க்காரர்களின் சாட்சியத்தையே ஏற்றது. ஹவாய் கடற்கரைகள் இன்றும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

1973-ல் மெக்பிரைட் வழக்கு வந்தது. கௌவாய் தீவில் ஓர் ஆற்று நீருக்காக இரண்டு கரும்பு நிறுவனங்கள் மோதிக்கொண்டன. உபரி நீர் இருவருக்கும் சொந்தமில்லை, அரசுடையது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது! பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்கு இழுத்தது.

ஒரு நீதிபதி ஓய்வு பெற்றுவிடுவார். அவர் எழுதிய தீர்ப்பை அடுத்து வருகிறவர் மாற்றி எழுதலாம். அதைக் காக்க வேண்டுமென்றால் அந்த மண்ணின் வழக்கம் தெரிந்த வக்கீல்கள் வேண்டும். இதனால்தான் உள்ளூரிலேயே ஒரு சட்டக் கல்லூரி வேண்டும் என்று ரிச்சர்ட்சன் விடாமல் வலியுறுத்தினார். அதே 1973-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தில், தற்காலிகக் கட்டடங்களில், அரசுச் சட்டக் கல்லூரி தொடங்கியது. வசதி வாய்ப்புக் குறைந்த சமூகங்களிலிருந்து வருவோருக்கென அடுத்த ஆண்டே தனிச் சேர்க்கைத் திட்டமும் வந்தது.

பலன் கிடைக்க அதிக காலம் ஆகவில்லை. 1976-ல் வெளிவந்த முதல் அணியில் ஜான் வைஹே என்ற மாணவர் இருந்தார். 1978-ல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடிய மாநாட்டில் அவர் ஒரு பிரதிநிதி. பூர்வகுடிகளின் வழக்க உரிமைகளுக்குப் பாதுகாப்பு, ஹவாய் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி, ஹவாய் மக்கள் நலனுக்கு ஒரு தனி அலுவலகம் எல்லாம் அந்த மாநாட்டில் வந்தவை. 1986-ல் அவரே ஆளுநர் தேர்தலில் வென்றார். ஹவாய் பூர்வகுடி ஒருவர் தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை.

1978-ல் எழுதிய வரிகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஹவாய் தீவில் ஒரு நிறுவனம் கடலோரத்தில் சொகுசு விடுதி கட்ட அனுமதி கேட்டது. அங்குள்ள குட்டைகளில் இறால் பிடிப்பது தங்கள் முன்னோர் வழக்கம் என்று பூர்வகுடிகள் வாதிட்டார்கள். அனுமதி தருமுன் அந்த வழக்கத்தையும் அதிகாரிகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1995-ல் தீர்ப்பு வந்தது.

கல்லூரிக்கு ரிச்சர்ட்சனின் பெயரே சூட்டப்பட்டது. 2005-ல் ஹவாய் பூர்வகுடிச் சட்டத்துக்கென 'கா ஹுலி ஆவோ' மையம் அங்கே தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் மெலடி மெக்கென்சி, முதல் அணி மாணவி. ரிச்சர்ட்சன் 2010-ல், தம் 90-வது வயதில் காலமானார்.

இழந்த அரசு திரும்ப வரவில்லை. 1893-ல் நடந்ததற்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1993-ல் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு, நிலத்தை விற்கும் மாநில அரசின் உரிமையைப் பறிக்காது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. வழக்குகள் இன்னும் முடியவில்லை. ஆனால் அவற்றை நடத்தும் வக்கீல், ஊர் வழக்கத்தையும் சட்டத்தையும் இன்று ஒரே வகுப்பில் படித்துவிட்டு வர முடிகிறது. 1943-ல் ரிச்சர்ட்சனுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.