மயானத்தில் ஒரு சக்கர நாற்காலி

1972 டிசம்பர் 25 அன்று மூதறிஞர் ராஜாஜி மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்தார். அப்போது அவருக்கு வயது 93. சாத்திரத்தையும் சடங்கையும் வாழ்நாளெல்லாம் மறுத்த அந்த மனிதர், சென்னை மயானத்தில் தேம்பித் தேம்பி அழுதார். இதை அரசியல் நாகரிகம் என்று பாராட்டுவது வழக்கம். அந்தச் சொல் போதாது என்பதே என் எண்ணம்.

சேலம் நகராட்சிக்கு ராஜாஜியும் ஈரோடு நகராட்சிக்குப் பெரியார் ஈ.வெ.ரா.வும் தலைவர்களாக இருந்த நாட்களில் வேர்விட்டது இருவரின் நட்பு. 1924இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராயிருந்த ஈ.வெ.ரா. வைக்கம் போராட்டத்துக்குப் புறப்பட்டபோது, கட்சிப் பொறுப்பை ராஜாஜியிடமே ஒப்படைத்தார். மறு ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடமில்லாமல் போனது. ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார்.

அதன்பின் அரசியலில் இருவரும் எதிரெதிர் அணி. 1938இல் ராஜாஜி அரசு இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்த்த பெரியார் சிறை சென்றார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சாடி நாடெங்கும் எதிர்ப்பைத் திரட்டினார் பெரியார். மறு ஆண்டு ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். இருவரும் கொள்கையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனாலும் 1949இல், மணியம்மையாரை மணப்பது பற்றி யோசனை கேட்கப் பெரியார் நாடியது யாரை? திருவண்ணாமலைக்கு வந்திருந்த கவர்னர் ஜெனரல் ராஜாஜியை. இருவரும் தனித்துப் பேசினார்கள். ராஜாஜி தூண்டித்தான் இத்திருமணம் நடந்தது, திராவிடர் கழகத்தைப் பிளக்கும் சூழ்ச்சி இது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் இந்தத் திருமணம் வேண்டாம் என்றே ராஜாஜி அந்தரங்கமாகக் கடிதம் எழுதியிருந்தார். அந்த ஒரு தாளை எடுத்துக் காட்டியிருந்தால் வதந்தி அன்றே அடங்கியிருக்கும். பெரியார் காட்டவில்லை. தம்மை நம்பி எழுதிய நண்பரின் கடிதத்தை உயிருள்ளவரை வெளியிடவில்லை.

மேடையில் 'ஆச்சாரியார்' என்று பெயர் சொல்லிக் கடுமையாகத் தாக்கியவர்தான் இப்படிக் காத்தார். மறைந்த தோழரை நினைவு மலரில் நாலு பக்கம் புகழ்வது எளிது. அவர் நம்பிச் சொன்னதை ஊர்ப்பழிக்கு நடுவிலும் வெளியே விடாமல் காப்பது அரிது. மயானத்தில் வழிந்த கண்ணீருக்குப் பின்னால் அப்படிக் காத்த இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தன.

ராஜாஜியின் முதலாண்டு நினைவு நாளுக்கு முந்தைய நாள், 1973 டிசம்பர் 24 அன்று, பெரியாரும் கண்மூடினார்.