எலும்பை மறுத்தவர்களும் வாங்கியவர்களும்

காணாமல் போனவர்கள் உயிரோடும் இல்லை, செத்தும் போகவில்லை. அவர்கள் 'காணாமல் போனவர்கள்', அவ்வளவுதான். 1979இல் நிருபர்களிடம் இப்படி விளக்கம் சொன்னார் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர் விதேலா. செத்தார் என்றால் பிணம் எங்கே என்பார்கள்; பிணம் கிடைத்தால் கொன்றது யார் என்பார்கள். இரண்டு கேள்விகளையும் ஒரே சொல்லில் அழிக்கப் பார்த்தது அரசு. வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் உரிமைகூட அந்தச் சொல்லுக்குள் பறிபோனது.

1983இல் ராணுவ ஆட்சி முடிந்ததும் பெயரற்ற புதைகுழிகளைத் தோண்டினார்கள். கனரக இயந்திரங்கள் எலும்புகளையும் தடயங்களையும் சேர்த்தே நொறுக்கின. 1984இல் வந்த அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்நோ, மாணவர்கள் சிலருக்கு முறையாகத் தோண்டக் கற்றுக்கொடுத்தார். ஆனால் மே சதுக்கத் தாய்மாரில் ஹெபே தெ போனாஃபினியின் தரப்பு தோண்டுவதையே எதிர்த்தது. நம் பேச்சில் சொன்னால், 'பொணத்தக் குடுத்துட்டு கேச மூடப் பாக்குறான்' என்ற சந்தேகம். 1986இல் அமைப்பு உடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தாய்ப்பாசத்தின் பிடிவாதம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். அதே டிசம்பரில் 'முற்றுப்புள்ளி'ச் சட்டமும் 1987இல் 'கீழ்ப்படிதல்' சட்டமும் வந்து கொலையாளிகளைக் காப்பாற்றின. கொன்றவன் தெருவில் நடமாட, எலும்பை மட்டும் நீட்டுகிற அரசை எப்படி நம்புவது?

மகனைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று சதுக்கத்தில் தாய்மாரை முதலில் கூட்டியவர் அசுசேனா வில்லாஃப்ளோர். அந்த டிசம்பரில் அவரையும் கடத்தினார்கள். கடல் கரையொதுக்கிய அவரது உடல் ஜெனரல் லவாஜே இடுகாட்டில் பெயரில்லாமல் கிடந்தது. 2005இல் அடையாளம் காணப்பட்டபோது, உயரத்திலிருந்து விழுந்ததைக் காட்டும் முறிவுகள் அந்த எலும்புகளில் இருந்தன. விமானத்திலிருந்து ஆட்களைக் கடலில் வீசியதற்கு அவரே சாட்சியானார். அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் அவ்விரு சட்டங்களும் செல்லாது என்றது. 2017இல் அந்த விமானத்தின் விமானிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1986இல் வழக்கை மூடிவிடும் என்று அஞ்சப்பட்ட எலும்பு 2005இல் வழக்கைத் திறந்தது. நீதிமன்றக் கதவு சாத்தியிருந்தபோது மறுத்ததும் அரசியல்தான், திறந்தபோது வாங்கியதும் அரசியல்தான். ஆகவே குடும்பங்கள் துக்கம் காப்பதைப் போராட்டத்தின் முடிவாகப் படிக்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அசுசேனாவின் சாம்பலை 2005 டிசம்பர் 8 அன்று மே சதுக்கத்தின் நினைவுத்தூண் அடியிலேயே புதைத்தார்கள். அரசு மாளிகைக்கு எதிரே, தாய்மார் வியாழன்தோறும் சுற்றி நடக்கும் அதே இடத்தில்.