ஒரு ஜோடி சிறு காலணிகள்

குழந்தைகள் தம்மிடம் வருவதைத் தடுத்தவர்கள்மேல் இயேசு கோபம் கொண்டார் (மாற்கு 10:13-16). தடுத்தவர்கள் பகைவர்கள் அல்லர், அவருடைய சொந்தச் சீடர்கள். கனடா நாட்டுப் பூர்வகுடிக் குழந்தைகளின் வரலாற்றை நம் இளையோருக்குக் கற்றுத்தர விரும்பும் மறைக்கல்வி ஆசிரியர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

நடந்தது என்ன?

19ஆம் நூற்றாண்டு முதல் 1990கள் வரை அந்நாட்டில் ஏறக்குறைய 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். பலர் வலுக்கட்டாயமாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை. பணம் தந்தது அரசு, நடத்தியவை திருச்சபைகள். பாதிக்கு மேற்பட்ட பள்ளிகள் நம் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருந்தன.

2022ஆம் ஆண்டு உரோமையில், இறந்த பிள்ளைகளின் நினைவாக இரண்டு ஜோடி சிறு காலணிகள் திருத்தந்தை பிரான்சிசிடம் கொடுக்கப்பட்டன. 'மொக்காசின்' எனப்படும் அவை அம்மக்களின் மரபுக் காலணிகள். அதே ஆண்டு ஜூலை 25 அன்று மாஸ்குவாசிஸ் என்னும் இடத்தில் அவற்றைத் திருப்பித் தந்து, திருத்தந்தை மன்னிப்புக் கேட்டார்.

நம் நாட்டில்

இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலேயர் 1911இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. சென்னை மாகாணத்தில் குறவர், கள்ளர் முதலிய சமூகத்தினர் இச்சட்டத்தின் கீழ் அவதியுற்றனர். நாடு முழுவதும் அது முடிவுக்கு வந்தது 1952 ஆகஸ்ட் 31இல்தான்.

வரைகலை வழியே

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்குக் காலணி புதிதல்ல. தோலை வெட்டித் தைக்கும் கைகள் அவர்கள் வீட்டிலேயே உண்டு. எனவே ஒரு சுவரொட்டி செய்யச் சொல்வோம்: ஒரு சிறு காலணி, ஒரே நிறம், ஒரே ஒரு வரி. கனடாவில் செப்டம்பர் 30 ஆரஞ்சுச் சட்டை நாள். 1973இல் ஆறு வயது பிலிஸ் வெப்ஸ்டாடுக்குப் பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டை, பள்ளியின் முதல் நாளிலேயே பறிக்கப்பட்டது. அதன் நினைவாக அந்த நிறத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு விதிகள் போதும். அழும் முகங்களை வரைந்து இரக்கம் தேட வேண்டாம். இறகையும் அம்பையும் அலங்காரமாக்க வேண்டாம். எழுதும் அந்த ஒரு வரியில், "செய்தது யார்?" என்ற கேள்விக்கு மழுப்பாத பதில் இருக்கட்டும். ஒரு வரியில் உண்மையைச் சொல்ல முயலும் பிள்ளை, பத்துப் பக்கம் வாசித்ததைவிட அதிகம் சிந்திக்கும்.

திருச்சபையின் தவற்றைச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் தளருமோ என்று நாம் அஞ்சுகிறோம். ஆனால் ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்யக் கற்றுத்தருவதும் நாமே அல்லவா? மறைக்கப்பட்ட பாவம் ஒப்புரவைத் தராது.

சுவரொட்டிகளை ஆலய முற்றத்தில் வைப்போம். பிறகு நம்மையே கேட்போம்: ஜவ்வாது மலையிலிருந்து நம் விடுதிகளுக்கு வரும் பிள்ளையின் பேச்சையும் உணவையும் நாம் மதிக்கிறோமா? அல்லது இன்றும் குழந்தைகளைத் தடுக்கும் சீடர்களாக இருக்கிறோமா?