சபையில் மாதர் மாறு கூறல்

சபையிலே ஓர் ஆடவன் மாறு கூறுவானாயின் அதனைத் துணிவென்பர். ஒரு ஸ்திரீ கூறுவாளாயின் அடக்கமின்மையென்பர். இவ்வழக்கம் நம் தேசத்திற்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்க சரித்திரமும் இதற்குச் சான்று பகரும்.

அடிமை வழக்கத்தைக் கண்டித்து, கிரிம்கி சகோதரிகள் இருவர் 1837-ம் வருஷத்தில் மாஸசூசெட்ஸ் மாகாணத்தில் ஆடவரும் கூடிய சபைகளிற் பிரசங்கித்தனர். அது பொறாத பாதிரிமார் சங்கத்தார் ஒரு நிருபம் விடுத்தனர். கொழுகொம்பைச் சார்வதே கொடிக்கு அழகு. மரம்போல் தனித்து நிற்க முயலின் அது கனி கொடாததோடு மண்ணிலும் வீழும் என்பது அதன் கருத்து. ஸ்திரீகள் ஆரவாரமின்றிப் பிரார்த்தித்தலே தகும், சபையேறி உபதேசித்தல் தகாது என்றனர்.

1840-ம் வருஷம் ஜூன் மாதம் லண்டனில் அடிமை ஒழிப்பு மகாநாடு கூடிற்று. லுக்ரீஷியா மாட் முதலிய அமெரிக்க மாதர் பிரதிநிதிகளாக வந்திருந்தனர். அவர்களை ஏற்பதா என்று முதல் நாள் ஆடவரே விவாதித்து, பெரும்பான்மையால் மறுத்தனர். மாதர் வேறிடத்திலிருந்து கேட்க மாத்திரம் இடம் பெற்றனர். பின்னர் வந்த காரிஸன் என்னும் பெரியார் சபையில் அமர மறுத்து, அம்மாதரோடு வீற்றிருந்தார். அடிமையின் விலங்கை அறுக்கக் கூடியவர்களே மாதர் நாவைக் கட்டினர் என்பது எத்துணை விந்தை!

அங்கிருந்த எலிஸபெத் ஸ்டாண்டன் அம்மையாரும் மாட் அம்மையாரும் 1848-ம் வருஷம் ஜூலை 19, 20 தேதிகளில் ஸெனகா பால்ஸில் மாதர் உரிமை மகாநாட்டைக் கூட்டினர். 68 மாதரும் 32 ஆடவரும் அதன் பிரகடனத்திற் கையொப்பமிட்டனர். ஆயினும், ஆடவரும் கூடிய இரண்டாம் நாளில் ஜேம்ஸ் மாட் என்னும் ஆடவரே அக்கிராசனம் வகிக்க நேர்ந்தது. இரு வாரத்திற்குப்பின் ராசெஸ்டர் நகரத்தில் அபிகேல் புஷ் என்னும் மாதரசியை அக்கிராசனராகத் தெரிந்தபோது, அதனை ஆக்ஷேபித்தவர்களுள் மேற்கூறிய இரு அம்மையாரும் இருந்தனர்! புஷ் அம்மையாரோ அக்கடமையைச் செவ்வனே நிறைவேற்றினார்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? சபைக்கூச்சம் மாதர்க்கு இயற்கையன்று, நெடுங்காலப் பழக்கம். அப்பழக்கம், அதனை எதிர்த்தோர் உள்ளத்தையும் பற்றி நின்றது.

அன்பர்காள்! விவாகச் செலவும் பெண் கல்வியும் பற்றிச் சங்கங்கள் செய்யும் தீர்மானங்களின் பலனை அநுபவிப்போர் பெரும்பாலும் மாதரே. அவர் மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளற்க. அவர் "அன்று" என்பாராயின், குரலின் மென்மை வன்மையை ஆராயாது, சொல்லின் பொருளையே ஆராய்தல் நம் கடமையாகும்.